செஞ்சிக் கோட்டையும் ஒரு கூத்துப் பெட்டியும்

செஞ்சிக்குப் போகிறவர்கள் எல்லாரும் கோட்டையைப் பார்க்கத்தான் போகிறார்கள். நானும் அதற்காகத்தான் போனேன். ஆனால் திரும்பி வரும்போது என் மனத்தில் நிறைந்திருந்தது கோட்டை அல்ல. ஒரு பழைய தகரப் பெட்டி! அந்தப் பெட்டியின் கதையைச் சொல்வதற்கு முன்னால் கோட்டையை ஒரு சுற்றுச் சுற்றி வந்துவிடுவோம். இல்லாவிட்டால் தேசிங்கு ராஜா கோபித்துக்கொள்வார்.

திண்டிவனத்தில் பஸ் மாறி மேற்கே திருவண்ணாமலைப் பாதையில் திரும்பினால், கொஞ்ச நேரத்துக்கெல்லாம் இரண்டு பக்கமும் பாறைக் குன்றுகள் தலைகாட்ட ஆரம்பிக்கின்றன. சாதாரணக் குன்றுகள் அல்ல. ஏதோ ஒரு பூதம் கூடை கூடையாக உருண்டைக் கற்களை அள்ளி வந்து கொட்டிவிட்டு, அடுக்கி வைக்க மறந்து போய்விட்டதோ என்று தோன்றும். அந்தக் கற்களுக்கு நடுவே மதில் ஒன்று பாம்பு மாதிரி ஏறி இறங்கிக்கொண்டு போவது தெரிந்ததும், பஸ்ஸில் குழந்தைகள் எல்லாம் ஜன்னல் பக்கம் நெருக்கியடிக்கின்றன. செஞ்சி வந்துவிட்டது!

ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்று மூன்று மலைகள். மூன்றையும் வளைத்து ஒரே மதில். விஜயநகரத்தின் கீழ் நாயக்கர்கள் ஆண்டார்கள், பிறகு பீஜப்பூர்க்காரர்கள். 1677 இல் சிவாஜி மகாராஜா வந்து பிடித்துக்கொண்டார். அவருடைய மகன் ராஜாராம் மகாராஷ்டிரத்திலிருந்து தப்பி வந்து இங்கேதான் அடைக்கலம் புகுந்தார். ஔரங்கசீப்பின் படை சுமார் எட்டு வருஷம் முற்றுகையிட்டு 1698 இல்தான் உள்ளே நுழைய முடிந்தது. பிறகு 1750 இல் பிரெஞ்சுக்காரர்கள், 1761 இல் ஆங்கிலேயர்கள். கடைசியாக 2025 ஜூலையில் யுனெஸ்கோவும் வந்து சேர்ந்தது. மராட்டியர்களின் ராணுவக் கோட்டைகள் என்று உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்க்கப்பட்ட பன்னிரண்டில், மகாராஷ்டிரத்துக்கு வெளியே உள்ளது செஞ்சி ஒன்றுதான்.

ராஜகிரியில் ஏறுவதென்றால் காலையிலேயே ஏறிவிட வேண்டும். வெயில் ஏறின பிறகு ஏறினால், முற்றுகையிட்ட மொகலாயச் சிப்பாய்கள் மேல் தானாகவே அனுதாபம் பிறந்துவிடும். பாதி வழியில் கையிலிருந்த வாழைப்பழத்தைக் குரங்கு ஒன்று வரி வசூலிப்பது போல் வாங்கிக்கொண்டு போயிற்று. உச்சிக்குக் கொஞ்சம் கீழே மலையே பிளந்து கிடக்கிறது. அந்தப் பிளவின் மேல் ஒரு சிறு பாலம். அதைத் தூக்கிவிட்டால் மேலே இருப்பவர்களை யாரும் ஒன்றும் செய்ய முடியாதாம். கீழே இறங்கி, அடுக்கடுக்காக உயர்ந்து கூர்மையாக முடியும் கல்யாண மகாலையும், பெரிய களஞ்சியத்தையும், வேங்கடரமணர் கோயிலையும் பார்த்துவிட்டு, மர நிழலில் வெள்ளரிப்பிஞ்சு விற்றுக்கொண்டிருந்த ஒரு பாட்டியம்மாளிடம் போய் உட்கார்ந்தேன்.

தேசிங்கு ராஜாவைப் பற்றிப் பேச்சு வந்தது. 1714 இல் ஆற்காட்டு நவாபுக்குக் கப்பம் கட்ட மறுத்து, கொஞ்சம் ஆட்களோடு பெரும் படையை எதிர்த்து, இருபத்திரண்டு வயதில் உயிரை விட்ட ராஜபுத்திரன். அவன் ஆண்டது ஒரு வருஷங்கூட இல்லை. ஆனால் பாட்டியம்மாள் அவனுடைய குதிரையைப் பற்றியும், சிநேகிதன் மொகபத்கானைப் பற்றியும் சொன்னதைக் கேட்டால், நேற்றுத்தான் அடுத்த தெருவில் நடந்த சம்பவமோ என்று தோன்றும்.

"இதெல்லாம் புஸ்தகத்தில் படித்தீர்களா, பாட்டி?" என்றேன்.

"எனக்கு ஏதுப்பா எழுத்து? சின்ன வயசுலே பாட்டுக்காரங்க தெருத்தெருவா பாடிக்கினு வருவாங்க. ராத்திரி கூத்துலே பார்ப்போம். அதான். இன்னைக்குக்கூட எங்க ஊர்லே கூத்து இருக்குது, கர்ண மோட்சம். வர்றியா?"

எனக்குச் சுருக்கென்றது. எட்டு வருஷ முற்றுகையைத் தாங்கிய இந்தக் கோட்டைக்குள் தேசிங்கின் பெயரை உரக்கச் சொல்ல ஆள் இல்லை. அந்தப் பெயரை இருநூறு, முந்நூறு வருஷமாக ஊர் ஊராகச் சுமந்து வந்தவர்கள், மாசச் சம்பளமோ மானியமோ இல்லாத பாட்டுக்காரர்களும் கூத்துக்காரர்களுமே. 1960 இல் எம்.ஜி.ஆர். நடித்து 'ராஜா தேசிங்கு' சினிமா வந்ததென்றால், அதற்கும் மூலதனம் அவர்கள் கொடுத்ததுதான்! இவர்கள் எப்படிப் பிழைக்கிறார்கள்? அன்று ராத்திரி பாட்டியம்மாளின் ஊருக்குப் போவதென்று தீர்மானித்துவிட்டேன்.

திரௌபதியின் ராஜ்யம்

செஞ்சிக்கு மேற்கே, பழைய செஞ்சி என்று சொல்லப்படும் மேலச்சேரியில் ஒரு திரௌபதி அம்மன் கோயில் இருக்கிறது. அம்மன் வழிபாட்டுக்கே அதுதான் ஆதி ஸ்தலம் என்பது இந்தப் பக்கத்து ஜனங்களின் நம்பிக்கை. செஞ்சி ராஜா ஒருவனை அசுரன் வருத்தியபோது, பாரத யுத்தம் முடித்த திரௌபதியே இங்கு வந்து காப்பாற்றினாளாம். ஆல்ஃப் ஹில்டபைட்டல் என்ற அமெரிக்கப் பேராசிரியர் இங்கெல்லாம் அலைந்து, திரௌபதி வழிபாட்டைப் பற்றி 1988 இல் ஒரு பெரிய புத்தகமே வெளியிட்டார். செஞ்சியிலிருந்து குருக்ஷேத்திரம் வரை என்று அதற்கு உபதலைப்புக் கொடுத்தார். டில்லிக்குப் பக்கத்திலிருக்கிற குருக்ஷேத்திரத்துக்குச் செஞ்சியிலிருந்து புறப்பட்டவர் அவர் ஒருவராகத்தான் இருக்கும்!

பங்குனியில் ஆரம்பித்து ஆடி வரையில் இந்த வட்டாரத்துக் கிராமங்களில் பாரதத் திருவிழாதான். பகலில் பிரசங்கியார் வில்லிபாரதம் சொல்லுவார். ராத்திரி அதே கதை கூத்தாக நடக்கும். அர்ச்சுனன் தபசன்று வேஷக்காரர் உயரமான மரத்தில் பாடிக்கொண்டே ஏறி எலுமிச்சம்பழமும் விபூதியும் வீசுவார். கீழே பெண்கள் முந்தானையை ஏந்தி நிற்பார்கள். கடைசி நாள் காலையில் மண்ணால் செய்த பிரம்மாண்டமான துரியோதனன் களத்தில் படுத்துக் கிடப்பான். அன்றே தீமிதி.

நான் போய்ச் சேர்ந்தபோது இரவு எட்டு மணி. களத்தின் ஓரத்தில் ஒரு தென்னங்கீற்றுக் கொட்டகை. அதற்குள்ளேதான் அந்தத் தகரப் பெட்டியைப் பார்த்தேன்.

பெட்டிக்குள் என்ன?

பெட்டிக்குச் சொந்தக்காரர் ஜமாவின் வாத்தியார். ஜமா என்றால் கூத்துக் குழு. வேஷக்காரர்களும் மேளக்காரர்களுமாகப் பதினைந்து பேர். வாத்தியாருக்கு அறுபது வயது இருக்கும். ஒரு சின்னக் கண்ணாடியைக் காலால் பிடித்துக்கொண்டு முகத்துக்கு அரிதாரம் தீட்டிக்கொண்டிருந்தார். மேக்கப்காரர் என்று தனியாக யாரும் கிடையாது. அவரவர் முகம் அவரவர் பொறுப்பு!

பெட்டியிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து வெளியே வைத்தார் அவருடைய மகன். கிரீடம், புஜகீர்த்தி, மார்புப் பதக்கம். எல்லாம் மரம். எடை இருக்கக் கூடாதென்று கல்யாண முருங்கை மரத்தில் செதுக்கி, வண்ணக் காகிதமும் கண்ணாடிச் சில்லும் ஒட்டியிருந்தார்கள். இந்தக் கட்டைகளைக் கட்டி ஆடுவதால்தான் கட்டைக்கூத்து என்ற பெயர்.

"யார் செய்தது?" என்று கேட்டேன்.

"நான்தான், சார்."

"பாவாடை, சட்டை எல்லாம்?"

"நான்தான் தைச்சேன்."

"பாட்டு?"

"பழைய பாட்டு எங்க வாத்தியார் குடுத்தது. நடுவுலே சேர்க்கிறது நம்ம பாட்டு."

ஆர்மோனியக்காரர் வராவிட்டால் ஆர்மோனியமும் அவரே. பையன்களுக்கு அடவு சொல்லிக்கொடுப்பது, ஊர்ப் பெரியவர்களிடம் பேரம் பேசுவது, விடிந்ததும் கணக்குப் பார்த்துப் பங்கு பிரிப்பது எல்லாம் அவரே. பட்டணத்தில் ஒரு நாடகக் கம்பெனி பத்துப் பேருக்குப் பிரித்துக் கொடுக்கிற வேலை!

"இத்தனை கலையையும் ஒரே ஆள் கற்றுக்கொண்டது ஆசையினாலா, வாத்தியாரே?"

அவர் சிரித்தார். பாதி முகம் கர்ணனாகவும் பாதி முகம் சாதாரண மனிதராகவும் இருந்த அந்தச் சிரிப்பை நான் மறக்க மாட்டேன்.

"ஆசை பாதி, பசி பாதி. ஒண்ணை வச்சு வருஷம் பூராப் பொழைக்க முடியாதுங்க. ஆடி முடிஞ்சா களம் மூடிப் போவும். அப்புறம் எங்கனா ஒரு பெரிய சாவு ஆச்சுன்னா, கருமாதிக்குக் கர்ண மோட்சம் வைப்பாங்க. ஐப்பசி, கார்த்திகையிலே மழை பேஞ்சா அதுவும் இல்லை. அப்போ இந்தக் கைதான் சோறு போடும். வேற ஜமாவுக்குக் கிரீடம் செதுக்குவேன். பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்க ஆட்டத்துக்கு உடுப்புத் தைப்பேன். ஒண்ணும் இல்லைன்னா, களை எடுக்கப் போறது."

2020 மார்ச்சு மாதம் ஊரடங்கு வந்தது வாசகர்களுக்கு நினைவிருக்கும். அது பங்குனி மாதம். கூத்துக்காரர்களுக்கு வருஷம் திறக்கிற நேரம்! அந்த வருஷம் திருவிழாவே இல்லை. வாங்கிய தாம்பூலங்களை எல்லாம் திருப்பிக் கொடுத்தாராம் வாத்தியார். "தையல் மிஷின்தான் காப்பாத்துச்சு. முகக்கவசம் தைச்சேன். முகத்துக்குச் சாயம் பூசுற பொழைப்பு போயி, முகத்தை மூடுற பொழைப்பு ஆயிப்போச்சு" என்றார். கொட்டகையில் எல்லாரும் சிரித்தார்கள். தையல் தெரியாத இரண்டு பேர் ஜமாவை விட்டுக் கட்டட வேலைக்குப் போய்விட்டார்கள் என்பதை, சிரிப்பு அடங்கிய பிறகுதான் சொன்னார்.

ஒரு குடும்ப விவகாரம்

பெட்டியிலிருந்து சாமான்களை எடுத்துக் கொடுத்த மகனைப் பற்றிச் சொன்னேன் அல்லவா? பி.காம். படித்தவன். ஒரு கடையில் கணக்கு எழுதுகிறான். மிருதங்கம் வாசிக்கத் தெரியும். நன்றாகப் படம் வரைகிறான். ஜமாவின் கூத்துகளைக் கைப்பேசியில் படம் பிடித்து, வெட்டி ஒட்டி, யூடியூபில் போடுவதும் அவன்தான். வெளியூர் அழைப்புகள் சில அதைப் பார்த்துத்தான் வந்தனவாம். இப்போது கடை உத்தியோகத்தை விட்டுவிட்டு முழு நேரமும் இதிலேயே இறங்கிவிட வேண்டும் என்கிறான். கூத்தும் ஆடுவது, கல்யாணங்களுக்குப் படமும் பிடிப்பது, சித்திரமும் எழுதுவது என்பது அவன் திட்டம்.

அவனுடைய அம்மா மூன்று நாளாக அவனோடு பேசவில்லை. "நான் பட்டது போதாதா? சம்பளக்காரன்னு சொன்னாத்தான் பொண்ணு குடுப்பாங்க. மழை வந்தா அடுப்பு அணையற வீட்டுக்கு எவ வருவா?" என்று, கணவருக்குக் காப்பி கொண்டுவந்த இடத்தில் என்னிடம் நியாயம் கேட்டார் அந்த அம்மாள். அவர் கேட்டதில் என்ன தப்பு?

வாத்தியார் சரி என்றும் சொல்லவில்லை. கூடாது என்றும் சொல்லவில்லை. தலையில் கிரீடத்தை வைத்து இறுக்கிக் கட்டிக்கொண்டே, பையனைப் பார்த்து அல்ல, என்னைப் பார்த்துப் பேசினார்.

"நாலு வேலை தெரியணும்னு சொன்னேனே, சார், அதுக்காக நாலையும் ஒண்ணா ஆரம்பிக்கக் கூடாது. எங்க வாத்தியாரு அஞ்சு வருசம் எனக்குப் பாட்டுத் தவிர எதையும் தரலை. எல்லாம் கொஞ்சம் கொஞ்சம் தெரிஞ்சவனை எந்த ஊர்லேயும் கூப்பிட மாட்டாங்க. 'கர்ணன்னா அந்த ஆளுதான்'னு ஒரு பேரு வரணும். பேரு வந்தப்புறம் மத்த வேலை பின்னாலே வரும்."

"சரி."

"பெட்டி சொந்தமா இருக்கணும். அடுத்தவன் கட்டையை வாங்கிக் கட்டினா அவனுக்கு ஒரு பங்கு போயிடும். முன்பணம் வாங்கிச் சாப்பிடக் கூடாது. சீசனுக்கு முன்னாடி கைநீட்டி வாங்கிட்டா, அப்புறம் அந்த ஜமாவை விட்டு நகர முடியாது. நாம ஆடுறது பழைய கடனுக்கு. அப்புறம், தாம்பூலம் வாங்கிட்டா வாங்கினதுதான். பெரிய இடத்துலேயிருந்து அதே தேதிக்கு ஆள் வந்தாலும் சின்ன ஊருக்குத்தான் போவணும். எங்களுக்குப் பத்திரம், ரிஜிஸ்தர் எல்லாம் அந்த வெத்தலைதான்."

சொல்லிவிட்டு எழுந்தார். சலங்கை ஒலித்தது.

அப்போது பையன் மெதுவாக என் பக்கம் குனிந்து கேட்டான்: "சார், நீங்களும் எழுதிப் பிழைக்கிறவர்தானே? உங்களுக்கு எப்படி? மாசச் சம்பளமா?"

வசமாக மாட்டிக்கொண்டேன்! "ஆமாம் தம்பி, மாசச் சம்பளந்தான்" என்றேன். அவன் ஒன்றும் சொல்லவில்லை. அவன் அம்மாவின் முகத்தில்தான் ஒரு வெற்றிப் புன்னகை தோன்றிற்று.

விடிய விடிய

பத்து மணிக்கு மேளம் கொட்ட ஆரம்பித்தது. முகவீணையின் கூர்மையான நாதம் கேட்டதும் ஊரே பாயும் தலையணையுமாகக் களத்துக்கு வந்துவிட்டது. முதலில் கட்டியக்காரன். அவனைப் போல் ஒரு பாத்திரத்தை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. ராஜாவுக்குச் சேவகன், ஜனங்களுக்கு விதூஷகன், கதை புரியாதவர்களுக்கு உரையாசிரியர், சன்மானம் கொடுத்தவர்களின் பெயரைப் படிக்கும் குமாஸ்தா, எல்லாம் அவன் ஒருவனே!

நடுநிசிக்கு மேல் இரண்டு பேர் திரையைப் பிடித்துக்கொண்டு வர, அதன் பின்னாலிருந்து கர்ணனின் குரல் எழுந்தது. திரை விலகிற்று. கொட்டகையில் உட்கார்ந்து பேரம், பங்கு என்று பேசிய மனிதரைக் காணோம். கண்ணாடிச் சில்லுகள் விளக்கில் சுடர் விட, பாவாடை குடை போல் விரிய, அவர் கிர்க்கி போட்டுச் சுற்றிச் சுற்றி வந்தபோது முன் வரிசைக் குழந்தைகள் தூக்கம் கலைந்து எழுந்து உட்கார்ந்தன. கர்ணன் பொன்னுருவியிடம் விடைபெறுகிற கட்டத்தில் பெண்கள் பக்கம் விம்மல் கேட்டது. பொன்னுருவியாக வேஷம் கட்டியவரும் ஓர் ஆண்தான். பகலில் அவர் கொத்தனார்!

இந்தக் கலை தேய்ந்துகொண்டே வருகிறது என்று பட்டணத்தில் நாம் சொல்லிக்கொண்டிருக்கிறோம். இந்தப் பக்கத்தில் நடந்ததை எல்லாம் பார்த்தால் அப்படி ஒரேயடியாகச் சொல்லிவிட முடியாது. செய்யாற்றுப் பக்கம் புரிசையில் தம்பிரான் குடும்பத்தார் தலைமுறை தலைமுறையாகக் கூத்தாடுகிறவர்கள். சிறுகதை ஆசிரியராக இருந்த ந. முத்துசாமி அவர்களுடைய கூத்தைப் பார்த்து மயங்கிப்போய், 1977 இல் சென்னையில் 'கூத்துப்பட்டறை'யைத் தொடங்கினார். புரிசை கண்ணப்பத் தம்பிரான் பட்டணத்து நடிகர்களுக்கு வாத்தியாராக வந்தார். சினிமாவில் நாம் பார்க்கிற பசுபதி அந்தப் பட்டறையில் தேறியவர். விஜய் சேதுபதி அங்கே கணக்கெழுதப் போனவர்! புரிசைக்காரர்களோ மகாபாரதத்தோடு நின்றுவிடாமல், ஜெர்மானியர் பிரெக்ட்டின் நாடகத்தையும் கொலம்பியாக்காரர் மார்க்வெஸின் கதையையும் கூத்தாகக் கட்டி ஆடினார்கள்.

அதே போல் பெருங்கட்டூர் ராஜகோபால் என்ற கலைஞரும், டச்சு நாட்டிலிருந்து ஆராய்ச்சிக்கு வந்த ஹன்னா டி ப்ரூயின் அம்மையாரும் மற்றக் கலைஞர்களுடன் சேர்ந்து, 1990 இல் காஞ்சிபுரத்தில் ஒரு கட்டைக்கூத்துச் சங்கத்தை அமைத்தார்கள். 2002 இல் அவர்கள் ஆரம்பித்த குருகுலத்தில் பிள்ளைகள் பள்ளிப் பாடமும் படித்தார்கள், கூத்தும் பயின்றார்கள். ஆண்களே ஆடி வந்த களத்தில் பெண் குழந்தைகளும் கட்டை கட்டி இறங்கினார்கள். அரசாங்கமும் 2007 இல் நாட்டுப்புறக் கலைஞர்களுக்கு ஒரு நல வாரியம் அமைத்தது.

இவையெல்லாம் நல்ல செய்திகள்தாம். ஆனால் ஐப்பசி மாத மழையில் அடுப்பு எரிய வேண்டுமே, அந்தக் கேள்விக்கு ஒவ்வொரு வீட்டிலும் தனித்தனியாகத்தான் விடை கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது. பல கலை தெரிந்தவன் பாக்கியசாலி என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். பல கலை தெரிந்தவன் பல கவலையும் தெரிந்தவன் என்பதை அன்றுதான் தெரிந்துகொண்டேன்.

கல்யாண முருங்கைக் கட்டை

கர்ணனுக்கு மோட்சம் கிடைத்தபோது கிழக்கு வெளுத்துவிட்டது. வாத்தியார் கொட்டகைக்குள் வந்து உட்கார்ந்து முகத்தில் எண்ணெய் தடவித் துடைத்தார். கர்ணன் துணியோடு போய்விட்டான். அறுபது வயது மனிதர் மிஞ்சினார். பங்கு பிரித்தார். யாருக்கும் ஒரு ரூபாய் கூடவோ குறையவோ இல்லை.

பிறகு பெட்டியின் அடியிலிருந்து எதையோ எடுத்து மகனிடம் நீட்டினார். ஒரு கல்யாண முருங்கைக் கட்டை, காய்ந்து பதமானது.

"கடை வேலையை விடாதே. தை மாசத்துக்குள்ளே இதுலே உனக்கு ஒரு கிரீடம் செதுக்கு. ராத்திரியிலே செதுக்கு. அது என் தலையிலே நிக்குதான்னு பார்ப்போம். நின்னா, பங்குனியிலே பேசிக்கலாம்."

பையன் கட்டையை வாங்கி மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்து பார்த்தான். பிறகு அப்பாவின் தலையைக் கண்ணாலேயே அளந்தான். அவன் அம்மா ஒன்றும் பேசவில்லை. ஆனால் மூன்று நாளைக்குப் பிறகு முதல் தடவையாக ஒரு தம்ளர் காப்பியை அவன் பக்கம் நகர்த்தி வைத்தார். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது என்பது போல், உடனே முகத்தையும் திருப்பிக்கொண்டார்.

நான் விடைபெற்றுக்கொண்டு திண்டிவனம் பஸ்ஸில் ஏறினேன். "கோட்டை வந்தால் எழுப்புங்கள், காலை வெளிச்சத்தில் ஒரு தடவை பார்க்க வேண்டும்" என்று கண்டக்டரிடம் சொல்லிவிட்டுக் கண்ணை மூடினேன். அவர் மறந்துவிட்டார். விழித்தபோது திண்டிவனம் பஸ் நிலையம். ஆனால் ஒன்று. தூக்கத்தில் நான் கண்ட கனவில் ராஜகிரியும் இல்லை, கல்யாண மகாலும் இல்லை. யாரோ ஒருவன் விளக்கடியில் குனிந்து உட்கார்ந்து, மரத்தைச் செதுக்கிக்கொண்டே இருந்தான்.

பங்குனி பிறந்ததும் ஒரு நடை போய் விசாரித்து வர வேண்டும்.